சாலையைக் கடன் வாங்கும் பந்தயம்

கார்ப் பந்தயம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபார்முலா ஒன்தான். 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவில் அது நடந்தபோது டிக்கெட் விலையைக் கேட்டு மௌனமான அப்பாக்கள் நம்மிடையே பலர்! ராலி வேறு ரகம். அதற்கென்று தனி மைதானம் கிடையாது. ஊரார் போய்வரும் மலைப் பாதையையும் மண் சாலையையும் சில மணி நேரம் மூடிவிட்டு, இடைவெளி விட்டு ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடு.

காரில் இருவர். பக்கத்தில் இருப்பவர், முன்னதாகவே பாதையைப் பார்த்து எழுதி வைத்த குறிப்பை வாசித்துக்கொண்டே வருவார். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, மேட்டுக்கு அப்பால் என்ன என்று. ஓட்டுகிறவர் கண்ணோடு காதையும் நம்பியாக வேண்டும். மனைவி சொல்லும் வழியைக் கேட்காத கணவன்மார்கள் இதில் தேறமாட்டார்கள்.

தில்லிக்கு இது புதிதல்ல. 1968-இல் லண்டன்–சிட்னி நெடும்பந்தயம் காபூலிலிருந்து தில்லி வழியாகப் பம்பாய் சென்றுதான் கப்பலேறியது. 1980-இல் இமாலயன் ராலி தொடங்கியது. தில்லிக்காரரான கௌரவ் கில், நம் சென்னை எம்.ஆர்.எஃப். அணிக்காக ஓட்டி 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய–பசிபிக் பட்டம் வென்றார். 2019-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தய வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு செப்டம்பரில், ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்தபோது, மூடப்பட்ட பாதைக்குள் வந்துவிட்ட மோட்டார் சைக்கிள் மீது கில் ஓட்டிய கார் மோதியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தனர்.

பாதை மூடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அறிவிப்புப் பலகையும் பத்திரிகைச் செய்தியும் போதும் என்று நினைப்பது நகரத்துப் புத்தி. வயலுக்கும் கிணற்றுக்கும் தினமும் போகிறவருக்கு அது அவருடைய வழி. முந்தின நாளே வீடு வீடாகப் போய் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பகுதியில் பந்தயம் வேண்டாம் என்பது என் கட்சி. ஐரோப்பாவும் பட்டுத்தான் திருந்தியது. 1986-இல் போர்ச்சுகலில் கூட்டத்துக்குள் கார் புகுந்தது; அந்த ஆண்டோடு அதிவேக 'குரூப் பி' கார்கள் தடை செய்யப்பட்டன.

என் அக்கா மகன் ராலியில் வழிகாட்டியாக உட்காரத் துடிக்கிறான். "நீயே சொல்லுடா" என்று அக்கா என்னிடம் தள்ளிவிட்டாள். முதலில் டி.எஸ்.டி. ராலிக்குப் போகச் சொன்னேன். அதில் சாலையை மூடுவதில்லை. குறித்த சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முந்திப் போனாலும் அபராதம்! பெரிய ராலிக்குப் பெயர் கொடுக்கும்போது, குறுக்குப் பாதைகளில் யார் நிற்பார்கள் என்று நடத்துகிறவர்களைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். "போங்க மாமா, சிரிப்பாங்க" என்கிறான். சிரிக்கட்டும்.