பின் ஆசனத்தில் இருப்பவர்

துவிச்சக்கர வண்டியில் இருவர் செல்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. முன் பாரில் ஒருவரை இருத்தியும், பின்னே கரியரில் ஒருவரை ஏற்றியும் 'டபிள்' போகாத வாலிபர் நம்மவருள் எத்தனை பேர் இருப்பர்? பொலிசார் கண்ணிற் படாதிருக்கச் சந்திக்கு முன்னே ஒருவர் இறங்கி நடப்பதும், சந்தி கடந்ததும் மீண்டும் தொற்றிக்கொள்வதும் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும் அவ்வாறு செல்பவருள் உழைப்பவர் ஒருவரே. மற்றவர் அரிசி மூட்டையைப் போல ஏற்றப்பட்ட சுமைதான்.

வத்தளையிலிருந்து ஒரு தந்தையார் நமக்கு எழுதியுள்ள கடிதம் இவ்விஷயத்தைப் பற்றியதே. அவருடைய மகளுக்கு வயது பதின்மூன்று, கண்பார்வை இல்லை. பதினெட்டு வயதுத் தமையன் மாலை வேளைகளில் அவளைக் கரியரில் இருத்தி உலாவ அழைத்துச் செல்வது வழக்கம். இப்போது பிள்ளை, "அண்ணா மிதிப்பதுபோல் நானும் மிதிக்க வேண்டும்" என்கிறாளாம். இருவர் மிதிக்கும் 'டான்டம்' வண்டி ஒன்றை வாங்கலாமா, அல்லது வீட்டிற் கிடக்கும் இரண்டு பழைய சைக்கிள்களை ஒட்டுவித்து ஒன்றாக்கலாமா என்பது அவர் வினா. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்கிறார். விடை பிறருக்கும் பயன்படுமாதலால் அதனை இங்கே எழுதுகிறோம்.

பிள்ளையின் ஆசை விபரீதமானதன்று என்பதை முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் பிறப்பிலேயே ஒரு புலன் குறைந்தவரின் கை இருக்கிறது. 1886இல் இங்கிலாந்தின் பிகிள்ஸ்வேட் என்னும் ஊரில் டான் அல்போன் என்பவர் இதனை ஆக்கியபோது கூட இருந்து உருவமைத்த ஏ. ஜே. வில்சன் செவிப்புலன் இல்லாதவர். 'செவிடு' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைத் தலைகீழாக்கி அதையே தமது புனைபெயராக வைத்துக்கொண்ட வேடிக்கை மனிதர் அவர்! 1908இலும், பின்னர் 1920 முதல் 1972 வரையிலும் ஒலிம்பிக் போட்டிகளில் டான்டம் பந்தயம் இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் அது நின்றுபோயினும் பாராலிம்பிக் போட்டிகளில் இன்று பார்வையற்றோர் பின் ஆசனத்திலிருந்து மிதிக்க, பார்வையுள்ளோர் முன்னிருந்து செலுத்துகின்றனர். நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. பத்தொன்பதாம் வயதிற் கண்ணிலுண்டான அழுத்த நோயாற் பார்வை இழந்த பூனா நகரத்துத் திவ்யான்ஷு கணத்ரா, 2016இல் மணாலியிலிருந்து இமயமலையின் கர்துங் லா கணவாய்வரை டான்டத்திலேயே சென்றார். அக்கணவாய் 5,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. வத்தளையோ மேசைப் பலகைபோன்ற சமதரை.

இனி, வாங்கும் காரியம். கொழும்பில் சைக்கிள் என்றால் டாம் வீதி என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் டான்டம் அங்கே கடை வாசலில் வரிசையாய் நிற்கும் சரக்கன்று. விசாரித்து, சொல்லி வைத்து, காத்திருந்து பெற வேண்டியது. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது சாதாரண சைக்கிளுக்கே ஏற்பட்ட கிராக்கியை நாம் மறக்கவில்லை. பழைய வண்டி ஒன்று கிடைத்தாலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் யாரை அளந்து வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். கடையில் முன்னே அமர்பவரைத்தான் நிறுத்தி அளப்பார்கள். பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. நாம் சொல்வது, பின் ஆசனத்தை முதலில் அளவுங்கள் என்பதே. முன்னவருக்கு ஓர் அங்குலம் கூடிக் குறைந்தாலும் அவர் சமாளித்துக்கொள்வார். எதிரே என்ன வருகிறது என்று காண்கிறாரல்லவா? பின்னவளுக்கு வண்டியைப் பற்றித் தெரிவதெல்லாம் கையும் காலும் இருப்பிடமும் உணர்த்துவதே. அங்கே பொருத்தம் பிசகினால் அச்சம் புகும். அச்சம் புகுந்தால் ஒரு வாரத்தில் வண்டி தாழ்வாரத்தில் தூங்கும்.

பின்னவரின் ஹாண்டில், முன்னவரின் ஆசனத் தண்டிலே பூட்டப்படுகிறது. முன்னாசனத்தை உயர்த்தினால் பின் ஹாண்டிலுக்கும் இடம் மாறக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன் ஆசனத் தண்டுக்கும் பின் ஆசனத் தண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்றும் நாடா வைத்துப் பாருங்கள். இக்கால வண்டிகளில் இருபத்தெட்டு அங்குலத்தை ஒட்டி இருக்கும். பழையவற்றில் மிகக் குறுகல். பின்னிருப்பவரின் மூக்கு முன்னவர் முதுகில் உரசும். பின் பகுதியின் மேற்குழாய் தாழ்ந்த, பெண்களுக்கென்று ஆக்கிய வண்டி கிடைத்தால் பிள்ளை ஏறி இறங்க மிகவும் சௌகரியம். பாவாடையோ நீண்ட சட்டையோ அணிபவளாயின் இன்னொன்றும் உண்டு. சாதாரண சைக்கிளில் இடப்பக்கம் செயின் இல்லை. டான்டத்திலோ இரண்டு மிதிகளையும் இணைக்கும் செயின் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆகவே இரு பக்கமும் செயின் மூடி அவசியம்.

கால் எட்டவில்லையென்றால் ஆசனத்தை அடிமட்டத்துக்கு இறக்குவது ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். மிதி பூட்டும் தண்டை, அதாவது கிராங்கை, குறுக்கலாம். துளைகள் கொண்ட இரும்புத் துண்டு ஒன்றைக் கிராங்கோடு இறுக்கி, மிதியை உட்புறத் துளையிற் பூட்டினால் மிதிக்கும் வட்டம் சிறிதாகிக் குட்டைக் கால்களுக்குப் பொருந்தும். பிள்ளை வளர வளர வெளித்துளைக்கு மாற்றலாம். பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் கடைசல் வேலை தெரிந்தவர் எவரும் இதைச் செய்து தருவார். ஆனால் இடது மிதியின் மரை இடப்புறமாகச் சுற்றுவது என்பதை வேலையாளுக்கு முன்கூட்டியே நினைவூட்டுங்கள். இரண்டையும் ஒரேவிதமாக வெட்டிவிட்டால் இடது மிதி ஓட ஓடத் தானே கழன்றுவிடும்.

இரண்டு பழைய சைக்கிள்களை ஒட்டும் யோசனை நமக்கு உடன்பாடன்று. கெட்டிக்கார ஒட்டு வேலையாளர் நம்மிடையே இல்லையென்று சொல்லவில்லை. ஒருவருக்கென்று செய்த பிரேமை நடுவில் நீட்டி இருவரை ஏற்றும்போது நடுப்பகுதி தொய்கிறது, மிதிக்கும்போது முறுகுகிறது. டான்டத்தில் இதைத் தாங்கவே முன்னிருந்து பின்வரை சாய்வாக ஒரு குழாயும், அடியில் இரு மிதி அச்சுக்களையும் இணைக்கும் தடித்த குழாயும் வைக்கிறார்கள். இணைப்புச் செயினை இறுக்கவும் வழி வேண்டும். டான்டத்தில் முன் மிதி அச்சு மையம் விலகிய உருளையொன்றில் அமைந்திருக்கும். அதைத் திருப்பினால் செயின் இறுகும். செயினின் நடுவை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்று விழும். இந்த ஏற்பாடெல்லாம் இல்லாத ஒட்டு வண்டியைப் பள்ளி மைதானத்தில் வாலிபர்கள் வேடிக்கையாக ஓட்டலாம். கண்ணில்லாத பிள்ளை தன் முதல் நம்பிக்கையை வைக்க அது ஏற்றதன்று.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. இருவர் பாரம் ஒரே வேகத்தில் வரும்போது அடக்க வேண்டிய விசை ஏறக்குறைய இரு மடங்காகிறது. பழைய சைக்கிள்களின் இரும்புக் கம்பிப் பிரேக் இதற்குப் போதாது. சக்கரக் கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் முன்னே 32, பின்னே 40 இருந்தன. டான்டத்துக்கு 36க்குக் குறையாதிருப்பது நல்லது, 40 அதனினும் நன்று. டயர் சற்று அகலமானதாயிருக்கட்டும்.

முதற் பழக்கம் வாகனமில்லாத மைதானத்தில். தமையன் வண்டியின் இரு மருங்கும் கால்களை அகல ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்க, தங்கை ஏறி இரு பாதங்களையும் மிதிகளில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் நிறுத்தும்போதும் அவன்தான் கால் ஊன்றுவான். அவள் மிதிமீதே இருப்பாள். ஒருவர் மிதிப்பதை நிறுத்தினால் மற்றவரின் காலும் நின்றுவிடும் வண்டி இது. ஆதலால் முன்னவன் வாய்மூடி ஓட்டலாகாது. "புறப்படு", "பள்ளம்", "மேடு", "விடு", "நில்" என்று நாலைந்து சொற்களை இருவரும் பேசி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு நொடி முன்னதாகவே சொல்ல வேண்டும். சொல்லாமற் பள்ளத்தில் இறக்கிவிட்டு, "சிறு பள்ளந்தானே" என்று சிரிப்பது கண்ணுள்ளவரின் அகங்காரம். இவ்விஷயத்தில் தமையனுக்குத் தந்தையார் கண்டிப்பாகச் சொல்லி வைப்பது நலம்.

பழகியபின் நீர்கொழும்புப் பெருவீதியை நாடாமல் ஹமில்டன் கால்வாய்ப் பக்கம் செல்லலாம். ஒல்லாந்தர் கால்வாய் என்று ஊரார் சொல்லினும் அது 1802இல் தொடங்கி 1804இல் ஆங்கிலேயர் முடித்தது; மாணவ நேயர்கள் குறித்துக்கொள்க. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் அங்கே சந்தடி குறைவு. தண்ணீர்க் கரையாதலால், மைதானத்தில் ஒரு மாதமேனும் பழகாமல் அங்கே போக வேண்டாம். கடற்காற்றின் உப்பு செயினை விரைவில் அரிக்கும். இரண்டு செயின்களுக்கும் வாரம் ஒரு முறை எண்ணெய் விடுக.

தெருவுக்கு வந்தபின் கைகாட்டும் வேலையைத் தங்கையிடமே ஒப்படைத்துவிடலாம். முன்னவனுக்கு ஹாண்டிலும் பிரேக்கும் இருக்கின்றன. அவளுடைய கைகளுக்கோ வேறு வேலையில்லை. "வலம்" என்று அவன் சொன்னதும் அவள் வலக்கையை நேராக நீட்டி, அவன் "சரி" என்னும்வரை மடக்காதிருக்க வேண்டும். மாலையில் போவதாயின் வெள்ளைக் கைநீளச் சட்டை அணிவியுங்கள். பின்னே வரும் பஸ் சாரதிக்குத் தூரத்திலேயே தெரியும்.