தழும்புக்கும் சாட்சி கேட்கிறார்கள்

முதுகில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்பு. "இதை நீயே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாமே" என்கிறது தீர்ப்பாயம். கதையல்ல, தோழர்களே. இங்கிலாந்தில் ஓர் ஈழத்தமிழருக்கு நடந்தது.

2011-இல் அங்கே தஞ்சம் கேட்டவர் அவர். புலிகளுக்குத் தங்கம் உருக்கிக் கொடுத்ததற்காகப் படையினர் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்றார். தழும்புகள் அவர் சொல்வதோடு பெரிதும் பொருந்துவதாக மருத்துவரும் எழுதிக் கொடுத்தார். தீர்ப்பாயமோ, தழும்பின் விளிம்பு இவ்வளவு நேராக இருக்கிறதே, துடிப்பவன் உடம்பில் இப்படி விழுமா என்று ஐயப்பட்டது. மயங்கிக் கிடந்தபோது சுட்டார்கள் என்ற பதில் எடுபடவில்லை. 2014-இல் தோல்வி, 2017-இல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 2019 மார்ச்சில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இப்படித் தனக்குத் தானே சூடு வைக்கச் சொல்பவர் மிக மிக அரிது, அதையும் எடைபோடுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. எட்டு ஆண்டுகள்!

இதுதான் இவர்கள் தராசு. தேதியை மாற்றிச் சொன்னால் பொய். மாறாமல் சொன்னால் மனப்பாடம். ஆண் மொழிபெயர்ப்பாளர் முன்னால் தனக்கு நேர்ந்ததைச் சொல்லக் கூசிய பெண், பிறகு சொன்னால், "முன்பே ஏன் சொல்லவில்லை?"

பம்பாயில் 1976 குடிசைக் கணக்கெடுப்பின் போட்டோ பாஸைத் தகரப் பெட்டியில் பூட்டிக் காத்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிழைக்க வந்த நம்மிடமே இத்தனை சீட்டுக் கேட்டார்கள். உயிர் தப்பி ஓடுகிறவன் ரசீது வாங்கிக்கொண்டா ஓடுவான்?

பொய் சொல்பவரே இல்லையா? உண்டு. ஏஜெண்டு சொல்லிக்கொடுத்த கதையை ஒப்பிப்பவரும் உண்டு. அதற்காக ஒரு சில்லறைப் பொய்யைப் பிடித்துக்கொண்டு முதுகுத் தழும்பையும் பொய்யாக்குவதா? ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979-இல் வெளியிட்ட கைநூலே, உண்மையைத் தேடும் கடமை அதிகாரிக்கும் உண்டு, மனுதாரர் பேச்சு பொதுவாக நம்பும்படி இருந்தால் சான்றில்லாத இடத்தில் ஐயத்தின் பலன் அவருக்கே என்கிறது.

நம் நாட்டில் அந்தத் தராசுகூட இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று சட்டமும் இல்லை. டில்லியில் ஆப்கானியரையும் பர்மியரையும் விசாரித்துச் சீட்டுக் கொடுப்பது ஐ.நா. அலுவலகம். தமிழக முகாம்களில் உள்ள ஈழத்தமிழரைப் பதிவு செய்வது அரசு. சட்டம் கேட்டு மனு எழுதும் நம் சங்கங்கள் இவற்றையும் சேர்த்தே எழுதட்டும்: மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும், மேல்முறையீடு வேண்டும், பெண்ணை விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும்.