சமுதாயக் கல்லூரியில் ஃபுட்பால்: யாருக்காக, யார் பணத்தில்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் மாரிகோப்பா மாவட்டச் சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகம் 2018 பிப்ரவரியில் ஒரு முடிவை அறிவித்தது. மேசா, ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல், கிளென்டேல் ஆகிய நான்கு கல்லூரிகளிலும் அமெரிக்கன் ஃபுட்பால் அந்த ஆண்டு சீசனோடு நின்றுவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 7,70,000 டாலர் செலவு, விளையாட்டுத் துறையின் காப்பீட்டுச் செலவில் பாதிக்கு மேல், மைதானங்களையும் கட்டடங்களையும் சீரமைக்க இன்னும் சுமார் 2 கோடி டாலர் என்று கணக்கு காட்டினார்கள். மாரிகோப்பாவுக்கும் டூசான் நகரின் பீமா கல்லூரிக்கும் தந்துவந்த மானியத்தை மாநில அரசு 2015லேயே அடியோடு வெட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விளையாட்டு நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நான்கு அணிகள் விலகியதும் லீக்கில் மோத ஆளில்லை. சில மாதங்களில் பீமா விலகியது. யூமாவில் உள்ள அரிசோனா வெஸ்டர்ன், தாட்சரில் உள்ள ஈஸ்டர்ன் அரிசோனா ஆகிய கல்லூரிகளும் அதே வழியில் போயின. 2019 சீசன் வந்தபோது அந்த மாநிலத்தில் சமுதாயக் கல்லூரி ஃபுட்பால் அணி ஒன்றுகூட இல்லை.

ஒரு கல்லூரி தனியாக ஃபுட்பால் ஆட முடியாது. பேருந்தில் போய் அன்றே திரும்பும் தொலைவில் ஐந்தாறு எதிரணிகள் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் எண்பது, நூறு பேருக்குப் பேருந்து, அறை, மூன்று வேளைச் சாப்பாடு. புதிதாக அணி தொடங்க விரும்பும் கல்லூரிகள் ஹெல்மெட்டுக்கும் ஷோல்டர் பேடுக்கும் விலை விசாரிக்கின்றன. பக்கத்துக் கல்லூரி அடுத்த ஆண்டு தன் அணியைக் கலைத்தால் நம் நிலை என்ன என்று கேட்பதில்லை. அரிசோனாவில் அந்தக் கேள்விதான் எல்லாரையும் வீழ்த்தியது.

ஆனாலும் அணி தொடங்கும் ஆசை ஓயவில்லை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே ஒன்றிரண்டு பாடம் எடுப்பவர்கள். களத்தில் இறங்கும் மாணவரோ குறைந்தது 12 அலகுப் பாடங்களில் சேர்ந்திருக்க வேண்டும். ஓர் அணி அமைந்தால் நூறு முழுநேர மாணவர்கள் ஒரே நேரத்தில் வளாகத்துக்குள் வருகிறார்கள். சேர்க்கை எண்ணிக்கையை வைத்து அரசு நிதி தரும் இடங்களில் இது பெரிய வருவாய். அணி இல்லாவிட்டால் கல்லூரி வாசலையே மிதித்திருக்காத இளைஞர்கள் அவர்களில் பலர். இந்த வாதத்தை நாம் அலட்சியமாக ஒதுக்க மாட்டோம்.

அந்த நூறு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே வாதம் நிற்கும், விழும். கன்சாஸ் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் ஜெயஹாக் கூட்டமைப்பு, ஃபுட்பால் அணியில் வெளிமாநில வீரர்களுக்கு இருந்த உச்சவரம்பை 2016இல் எடுத்துவிட்டது. பத்தாயிரம் பேர்கூட வசிக்காத இன்டிபென்டன்ஸ் என்ற ஊரின் கல்லூரி, நாடெங்கும் இருந்து வீரர்களைத் திரட்டி அடுத்த ஆண்டே பட்டம் வென்றது. நெட்ஃபிளிக்ஸின் ‘லாஸ்ட் சான்ஸ் யூ’ ஆவணத் தொடரில் இடம்பிடித்தது. அதற்கடுத்த சீசனில் அணி சரிந்தது; 2019 தொடக்கத்தில் பயிற்சியாளர் பதவி விலகினார். கன்சாஸ் சமுதாயக் கல்லூரிகள் கணிசமாக நம்பியிருப்பது அந்தந்தக் கவுண்டி மக்கள் கட்டும் சொத்து வரியை. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, விடுதிக்கும் உணவுக்கும் கல்லூரியே பணம் கொடுத்து அழைத்துவரும் வீரரைச் ‘சேர்க்கை உயர்வு’ என்று கணக்கில் எழுதினால், அந்த வரவு ஏட்டில்தான் இருக்கும். வரி கட்டிய விவசாயியின் மகளுக்கு நர்சிங் வகுப்பில் ஓர் இடம் கூடியதா என்பதே சரியான கேள்வி.

கலிஃபோர்னியா வேறு வழியில் போகிறது. அங்கே உள்ள 116 சமுதாயக் கல்லூரிகளில் 60க்கும் மேற்பட்டவை ஃபுட்பால் ஆடுகின்றன. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்க ஒன்றுக்கும் அனுமதி இல்லை. தன் எல்லைக்கும் அதை ஒட்டிய எல்லைகளுக்கும் அப்பால் இருக்கும் மாணவரை ஒரு கல்லூரி தானாகத் தேடிப்போய் அழைக்கவும் கூடாது. அங்குள்ள சீக்கோவில் பள்ளிப்படிப்பை முடித்த குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்சை எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் உதவித்தொகையோடு அழைக்கவில்லை. 2002இல் பக்கத்திலிருந்த பியூட் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே சீசனில் பெர்க்லி பல்கலைக்கழகம் அவரைக் கண்டுகொண்டது. பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் சூப்பர் பவுல் வென்றார். அவர் பெயரை எல்லாக் கல்லூரிகளும் மேற்கோள் காட்டுகின்றன. நமக்கு முக்கியம், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் அவருக்கு ஒரு கல்லூரி இருந்தது என்பது. இல்லினாயில் காலேஜ் ஆஃப் டுபேஜ், சமுதாயக் கல்லூரி ஃபுட்பாலின் உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில் 2021இல் தேசியப் பட்டம் வென்றது. ஆளை விலைக்கு வாங்காமலும் நல்ல ஃபுட்பால் ஆடலாம்.

பணத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் நம் மனம் திரும்பத் திரும்ப இரண்டு மரணங்களிடமே போய் நிற்கிறது. 2018 ஆகஸ்டில் கன்சாஸின் கார்டன் சிட்டி கல்லூரிக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த 19 வயது மாணவர், முதல் நாள் ஓட்டப் பயிற்சி முடிந்ததும் சுருண்டு விழுந்து இறந்தார். கடும் உடலுழைப்பால் நேர்ந்த வெப்பத் தாக்கு என்றது பிரேதப் பரிசோதனை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் கல்லூரியில் இன்னொரு மாணவர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குக்கு ஆளாகி இறந்தார். அந்தக் கல்லூரி நவம்பரில் ஃபுட்பாலையே கைவிட்டது.

இந்த வகை வெப்பத் தாக்கால் விழுந்தவரைக் காப்பாற்ற முடியும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உடலின் உள்வெப்பத்தை 40 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கிறார்கள் என்று கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கோரி ஸ்ட்ரிங்கர் நிறுவனம் தொடர்ந்து சொல்லிவருகிறது. 2001இல் பயிற்சி முகாமில் இதே காரணத்தால் உயிரிழந்த தொழில்முறை வீரரின் பெயரால் அமைந்த நிறுவனம் அது. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்திக் குளிர்வித்துவிட்டு, பிறகுதான் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டியே போதும். கன்சாஸில் அது கிடைக்காத ஊர் இல்லை. கூடவே, விழுந்தவரின் நிலையைப் பார்த்ததும் புரிந்துகொள்ளவும், பயிற்சியாளரை எதிர்த்து ‘நிறுத்து’ என்று சொல்லவும் அதிகாரம் படைத்த அத்லெடிக் டிரெய்னர் மைதானத்தில் நிற்க வேண்டும். அவர் உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர்; தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே அவரை வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் தேர்வு முகாம் நடத்தும் நம் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது புதிய தூண்டுதல் ஒன்று வந்திருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக்காக இருந்த டியேகோ பாவியா, சமுதாயக் கல்லூரியில் ஆடிய ஆண்டுகளைப் பல்கலைக்கழக அணியில் ஆடும் தன் தகுதிக் காலத்தில் கழிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தது; அவர் நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஓராண்டு விலக்கு கொடுத்தது. வேறொரு வழக்கில் 2025இல் வந்த சமரசத் தீர்ப்போ, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று வரம்பு கட்டியது. இடம் கிடைக்காத வீரர்கள் இனிச் சமுதாயக் கல்லூரிகளைத் தேடி வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பரவியிருக்கிறது. இடைக்கால உத்தரவையும் ஓராண்டு விலக்கையும் நம்பி இருபது ஆண்டுக் கடனில் ஸ்டேடியம் கட்டுவது பொறுப்பான நிர்வாகம் ஆகாது.

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. நூறு ஆண்களுக்கு இடம் திறக்கும் கல்லூரி, மாணவர்களில் பெண்களே பெரும்பான்மை என்பதை மறந்து திட்டம் போட முடியாது. பெண்கள் அணிகளுக்கான தொகை அதே பட்ஜெட்டில், அதே ஆண்டில் இருக்க வேண்டும்.

நம் முடிவு இது. பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகள் ஃபுட்பால் அணி தொடங்கக் கூடாது. அருகிலேயே நிலையான லீக் இருந்து, தன் எல்லைக்குள் பள்ளி முடிக்கும் மாணவர்களைக் கொண்டே அணியை நிரப்ப முடிந்தால் தொடங்கலாம். உதவித்தொகைப் போட்டியில் இறங்காமல் நடத்தலாம். ஏற்கெனவே அணி வைத்திருக்கும் கல்லூரிகள் வெற்றி தோல்விப் பட்டியலோடு, எத்தனை வீரர்கள் இரண்டாண்டுப் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அணியைக் கலைப்பதாக இருந்தால், சேர்ந்த மாணவர் தன் இரண்டு ஆண்டையும் முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு விளம்பரம் கொடுக்கும் முன்பே அத்லெடிக் டிரெய்னரை நியமித்து, குளிர்நீர்த் தொட்டியை மைதானத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த டிரெய்னரின் சம்பளத்துக்கு நிதி இல்லாத கல்லூரி அணி தொடங்கக் கொண்டுவரும் தீர்மானத்தை ஆட்சிக்குழு உறுப்பினர்கள் எழுந்து நின்று எதிர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.