தூக்க மாத்திரை எமன் ஆன கதை!

மாண்ட்ராக்ஸ் - பார்ப்பதற்குச் சாதாரண மாத்திரை. ஆளைக் கொல்லும் போதை மாத்திரை. "வெளிநாட்டுச் சரக்குதானே?" என்று நினைத்தால் தப்பு. அதன் மூல மருந்து பிறந்தது நம் நாட்டில்தான்!

1951-ம் ஆண்டு, மலேரியா காய்ச்சலுக்குப் புது மருந்து தேடினார்கள் இந்திய விஞ்ஞானிகள் இந்திர கிஷோர் கக்கர், சையது உசேன் ஜாகீர் இருவரும். அப்போது உருவானதுதான் மெத்தகுவலோன். அது தூக்கம் தரும் என்பது 1955-ல் தெரிய வந்தது.

1965-ல் இங்கிலாந்தில், அலர்ஜி மருந்து ஒன்றையும் இதோடு சேர்த்து மாண்ட்ராக்ஸ் என்று விற்றார்கள். அமெரிக்காவில் இதன் பெயர் குவாலூட். "பழைய தூக்க மாத்திரை மாதிரி இது அடிமைப்படுத்தாது" என்றார்கள். டாக்டர்களும் நம்பி எழுதிக் கொடுத்தார்கள்.

வந்தது வினை!

மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்காமல் இருந்தால் ஒரு மிதப்பு. அதற்காகவே இளைஞர்கள் விழுங்கினார்கள். நாக்கு குழறும், கால் தள்ளாடும். நாளாக ஆக ஒன்று போதாது. இரண்டு, மூன்று என்று ஏறும். அளவு மீறினால் வலிப்பு, நினைவிழப்பு. மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்று போகும். அடிமையானவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அமெரிக்கா 1973-ல் கடும் கட்டுப்பாடு போட்டது. 1984-ல் அடியோடு தடை செய்தது. இந்தியாவில் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 500 கிராம் மெத்தகுவலோனுக்கு மேல் பிடிபட்டால் 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை ஜெயில்!

2 கோடி மாத்திரை!

அதோடு ஒழிந்ததா? இல்லை. தென் ஆப்பிரிக்காவில் இதற்கு ஏக கிராக்கி. மாத்திரையைப் பொடி செய்து, கஞ்சாவில் கலந்து, உடைந்த பாட்டில் கழுத்தில் வைத்துப் புகைக்கிறார்கள். கேப் டவுன் ரவுடிக் கும்பல்களுக்கு இது நல்ல வருமானம்.

அந்த நாட்டுக்குச் சரக்கு போன இடங்களில் இந்தியாவும் ஒன்று. 2016 அக்டோபரில் ராஜஸ்தான் மாநிலம் உதய்ப்பூரில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். சிக்கியது சுமார் 23½ டன். ஏறக்குறைய 2 கோடி மாத்திரைகள்!

கம்பெனி மாத்திரைக்காவது ஒரு அளவு இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தது. கள்ளத் தொழிற்சாலைச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. வாங்குகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

"ஆபத்து இல்லாத மாத்திரை" என்ற ஒரு பேச்சை நம்பி டாக்டர்களே ஏமாந்தார்கள். "சும்மா ஒண்ணு போடு, ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சிநேகிதன் நீட்டுவதும் அதே பேச்சுதான். தூக்கம் வரவில்லையா? டாக்டரிடம் போகலாம். சிநேகிதன் கையை நம்பக் கூடாது.