பஸ் விடுவது பஞ்சாயத்து வேலையா?

பேரூராட்சிக் கூட்டத்தில் ஒரு மெம்பர் எழுந்து, "ராத்திரி எட்டரை வண்டியை ஒரு மாசமா காணல்லியே" என்று சொல்லட்டும். உடனே பதில் வரும்: "அது டிப்போக்காரன் வேலை. நாம லைட்டு, தண்ணி, ஓடை பாத்தாப் போதும்." அந்த வண்டி போனபின் பெண்கள் நடந்துபோகிற இருட்டுச் சாலையைப் பற்றிப் பேசினால், "அது ஸ்டேஷன் வேலை." குமரி மாவட்டத்தில் இந்த இரண்டு பதில்களும் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டன. அதிகாரிகள் அப்படிச் சொல்வதில் அதிசயமில்லை, கேள்வி கேட்க ஆள் குறைந்தால் அவர்களுக்கு நிம்மதி. ஓட்டு வாங்கி வந்த கவுன்சிலர்களே சொல்வதுதான் வேடிக்கை. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் காரணம், சட்டத்தில் இடமில்லை என்பது. இதில் பாதி உண்மை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். வண்டி ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம். ஒரு காலத்தில் குமரித் தலைவர் நேசமணி பெயரிலேயே ஒரு கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடியது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று நாகர்கோவில், திருநெல்வேலிக் கோட்டத்தின் ஒரு மண்டலம். தலைமையகமும் மலைக்கு அப்பால் போய்விட்டது.

மற்றப் பாதியை யாரும் வாசிப்பதில்லை. 1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் பதினேழாவது இனம்: தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொது வசதிகள். ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் பதின்மூன்றாவது இனமாகச் சாலை, பாலம், படகுப் போக்குவரத்து எல்லாம் வருகின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, வண்டிகள் எங்கே நிற்கலாம், பயணிகள் வண்டிகள் எந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கலாம் என்பதை அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்தாலோசித்தே முடிவு செய்யவேண்டும் என்கிறது. அட்டவணையில் இருப்பதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடாது, மாநில அரசு மனம் வைத்துச் சட்டத்தின் வழியாகக் கொடுக்கவேண்டும் என்பது சரியே. ஆனால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அங்கே வண்டி நிற்கிறதா என்று கேட்கக்கூடாது என எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நிறுத்தம் என்றதும் நம் மாவட்டத்து நிழற்குடைகள் ஞாபகம் வருகின்றன. ஊர்ப் பெயரைவிட நிதி கொடுத்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். சில இடங்களில் வண்டி நிற்பது ஐம்பதடி தள்ளி, சனம் நிற்பது வெயிலில், நிழலில் நிற்பது பைக். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் டிப்போவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது நம் வேலையில்லை என்று நினைத்ததால் வந்த வினை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நயமானது. "தப்பு நடந்தால் மேலிடம் சும்மாவா இருக்கிறது?" என்பார்கள். இதற்குக் குளச்சலையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பப் பஸ் ஏறிய வயதான பெண் ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் குளச்சல் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அவர் நிலையத்துக்குள்ளேயே நின்று, டைம் கீப்பர் அறை முன்னால் சத்தம்போட்டு நியாயம் கேட்டார். யாரோ அதைப் போனில் எடுத்தார்கள். வீடியோ மாநிலம் முழுக்கப் பரவியது. முதலமைச்சரே வருத்தம் தெரிவித்தார். டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர் மூன்று பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். அடுத்த சில நாட்களிலேயே, வடசேரியிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டியிலிருந்து ஒரு நரிக்குறவர் குடும்பத்தை இறக்கிவிட்ட இன்னொரு வீடியோ வந்தது. அதற்கும் நடவடிக்கை வந்தது.

மேலிடம் வேகமாக நடந்துகொண்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு வீடியோ தேவைப்பட்டது. மீன் கூடையோடு வரும் பெண்களுக்குக் கை காட்டினால் வண்டி நிற்பதில்லை என்பது கடற்கரை ஊர்களில் அன்று காலையில் கிளம்பிய புகார் இல்லை. அதைச் சொல்ல இருந்த ஒரே இடம் டைம் கீப்பர் அறை. புகாருக்குரியவர்கள் இருக்கிற அதே இடம்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த டிசம்பரில் குளச்சல் நகராட்சியிலோ நாகர்கோவில் மாநகராட்சியிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினர்கூட இல்லை. பழைய கவுன்சில்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்ததுகூட மேயர் இல்லாத காலத்தில்தான். உள்ளாட்சியில் என்ன கிழித்தார்கள் என்று கேட்பவர்கள் இந்தத் தேதிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பு விஷயத்தில் உள்ளூர் அரசியலை நுழைத்தால் சாதியும் மதமும் கூடவே நுழையும் என்பது அது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு, நீதிபதி வேணுகோபால் விசாரணை ஆணையம் என்று அந்தக் காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆயின. எந்த வார்டில் யாரைக் கைது செய்வது என்று கவுன்சிலர் சொல்லும் நிலை வரவே கூடாது.

ஆனால் கேட்கப்படுவது அதுவல்ல. கைது, வழக்கு, விசாரணை எல்லாம் போலீசிடமே இருக்கட்டும். எந்தச் சாலையில் விளக்கில்லை, எந்த நேரத்தில் ரோந்து வேண்டும், பள்ளிக்கூடம் விடும்போது டாரஸ் லாரிகள் எந்த வளைவில் பாய்ந்து வருகின்றன என்று முன்னுரிமை சொல்வதும், போன மாதம் சொன்னது என்ன ஆனது என்று கேட்பதும்தான் மேற்பார்வை. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு காவல், நீதிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதற்கென்றே உள்ளாட்சி மன்றங்களில் குழு அமைக்கச் சொல்கிறது. குற்றத் தடுப்பில் போலீசும் மன்றமும் சேர்ந்து செய்யும் வேலையை அது பரிசீலிக்கும், பரிந்துரை கொடுக்கும். யாரையும் கைது செய்யச் சொல்லாது. நம்மூரில் திருவிழா, ஊர்வலம் என்றால் சமாதானக் கூட்டத்துக்கு ஊர்ப் பெரியவர்களையும் அமைப்புக்காரர்களையும் அழைத்து உட்காரவைக்கிறார்களே, அவர்களை யார் தேர்ந்தெடுத்தது? ஓட்டு வாங்கியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அரசியல் நுழைந்துவிடுமா?

2016-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. கட்டணமில்லா விடியல் பயண வண்டியில் அதிகம் ஏறுகிறவர்களும் பெண்கள்தான். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஜவுளிக்கடை ஷட்டர் இறங்கியபின் கணக்கு முடித்து ஓடிவரும் பெண்ணுக்கும், முந்திரி ஆலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கும் பஸ் வேறு, பாதுகாப்பு வேறு அல்ல. எட்டரை வண்டி கட் ஆனால், ஜங்ஷனில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ரப்பர் தோட்டத்து வழியே நடக்கவேண்டும், அல்லது ஆட்டோவுக்கு அன்றைய கூலியில் பாதியைக் கொடுக்கவேண்டும். அவள் நடக்கும் வழியில் விளக்கு பேரூராட்சிக்கு, கம்பம் மின்வாரியத்துக்கு, வண்டி கழகத்துக்கு, ரோந்து ஸ்டேஷனுக்கு. நான்கு பேரையும் ஒரே மேசைக்கு அழைக்கத் தோதான ஆள் அந்த வார்டு மெம்பரைத் தவிர வேறு யார்?

நான்காவது, "ஆளாளுக்குத் தன் தெருவுக்குப் பஸ் கேட்பான், ஒரு ரூட்டே பத்து பேரூராட்சி வழியாப் போகுது, யார் பேச்சைக் கேப்பது?" என்ற நிர்வாகக் கவலை. குமரியில் இது நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறவாசிகள். ஏதோ பெருநகரம் என்று எண்ணிவிட வேண்டாம், ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் தோளோடு தோள் ஒட்டிக் கிடப்பதால் வந்த கணக்கு. அந்தப் பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. மாவட்டத்திலுள்ள 95 ஊராட்சிகளில் மட்டும்தான். நகர்ப்புறத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் வந்ததே 2022-இல்தான்.

எல்லை தாண்டும் விஷயங்களுக்கு அரசியல் சட்டமே ஒரு மன்றம் வைத்திருக்கிறது. 243இசட்டி பிரிவின்படி மாவட்டத் திட்டக் குழு. அதன் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கு, மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர்ப்புற மன்றங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்கவேண்டும். குளச்சல்காரரும் குலசேகரத்துக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இந்த வண்டி திங்கள்சந்தை சுற்றிப் போகட்டும், அந்த வண்டி நேரே போகட்டும் என்று பேரம் பேச இதைவிட நல்ல இடம் இல்லை. பேரம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. இப்போதும் பேரம் நடக்கத்தான் செய்கிறது, கிளை மேலாளர் அறையில், யாருக்குச் செல்வாக்கோ அவருக்காக.

தகவல் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்துக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஆகவே எந்த டிரிப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது கழகத்திடம் இருக்கிறது. எந்த டிரிப் ஓடவில்லை என்பதும் டிப்போ ஏட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்த "டிரிப் கட்" பட்டியலை மன்றத்துக்கு அனுப்பச் சொன்னால் போதும், பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்தாவது, காசு எங்கே என்பது. இதற்குப் பதில் களியக்காவிளைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாறசாலைத் தொகுதியைச் சேர்ந்த கொல்லயில் என்னும் ஊராட்சியில் 2022 ஜூலை 29-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் "கிராமவண்டி" ஓடத் தொடங்கியது. ஏற்பாடு எளியது. டீசல் செலவை உள்ளாட்சி கொடுக்கும். வண்டி, டிரைவர், கண்டக்டர், பராமரிப்பு கழகத்துடையது. எந்த வழியே, எந்த நேரத்தில் என்பதை ஊராட்சி சொல்லும். முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 வரை நாமும் அவர்களும் ஒன்றுதான், அரசே பஸ் விடும் வழக்கமும் 1938-இல் அங்கிருந்தே நமக்கும் வந்தது. கேரளத்தின் எல்லா ஊராட்சியும் இத்திட்டத்தில் சேர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் முடியாது என்ற வாதம் அன்றோடு போயிற்று.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர், நாளைக்கு 150 கிலோமீட்டர் என்றால் முப்பது லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2,760 ரூபாய். வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம். நான்கு பேரூராட்சிகள் சேர்ந்தால் ஆளுக்கு இரண்டரை லட்சம். சிமென்ட் தளம் நன்றாக இருக்கும்போதே அதைப் பெயர்த்துப் பேவர் பிளாக் பதித்த தெரு உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். அதற்கு ஆன செலவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாமே, எம்.எல்.ஏ. இருக்கிறாரே என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனுவுக்குப் பதில் மனுதாரர் வீட்டுக்குப் போகும், பெரும்பாலும் "பரிசீலிக்கப்படும்" என்று. மன்றத் தீர்மானம் பதிவேட்டில் ஏறும். அடுத்த கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் அதை எடுத்து வாசிக்க முடியும்.

கடைசியாக ஒன்று: "நம்ம மெம்பர்களுக்கு அந்தத் தரம் இல்லை, காண்டிராக்டைத்தான் பார்ப்பார்கள்." சிலர் அப்படித்தான். காண்டிராக்ட் மட்டுமே பேசக்கூடிய மன்றமாக வைத்திருந்தால் காண்டிராக்ட் பேசத்தான் ஆள் வருவார்கள். ஊரகத்தில் நிலைமை அதற்கும் ஒரு படி பின்னால் போனது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மாவட்டத் திட்டக் குழுவில் உட்காரவேண்டிய ஊரக உறுப்பினர்களும் அதோடு இல்லாமல் போனார்கள். பேச்சிப்பாறை மலையில் ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்புக்கு மாலை வண்டி வரவில்லை என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய தனி அலுவலரும் அரசு ஊழியர், பதில் சொல்லவேண்டிய கிளை மேலாளரும் அரசுக் கழகத்து ஆள்.