கைக்கு ஏத்த கத்தி

சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தனார் எனக்கு ஜப்பான் கத்தி ஒன்று கொடுத்தார். அலகு மட்டும் 210 மி.மீ., எட்டு அங்குலத்துக்கு மேல்! ஆசையாகச் சின்ன வெங்காயம் அரியப் போய், இடது கட்டைவிரலில் இரண்டு தையல்.

"அதான் அரிவாள்மனை இருக்கே" என்றார் மாமியார். சிசேரியனுக்குப் பிறகு எனக்குத் தரையில் உட்கார முடியவில்லை என்பதை அவரிடம் எத்தனை தடவைதான் சொல்றது? அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் நகரும். கத்தியில் நம்ம கை நகரணும். அதனால் நீளம் கைக்கும் பலகைக்கும் ஒத்து வரணும். எங்கள் வீட்டுப் பலகையே ஒரு சாண்தான்!

ஜப்பானிலேயே வீட்டுச் சமையலுக்குப் பெரும்பாலும் 'சாந்தோக்கு' கத்திதான். 165 முதல் 180 மி.மீ. வரை இருக்கும். நம்ம பக்கத்துச் சீனியவரைக்கும் கத்தரிக்காய்க்கும் 120, 150 மி.மீ. 'பெட்டி' கத்தியே தாராளம். கோழி எலும்பை மட்டும் இதில் வெட்டிடாதீங்க, மெல்லிசு அலகு பல்லுப் பல்லாப் பெயர்ந்துவிடும். அதுக்குத்தான் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கே!

விலையைப் பார்க்கும் முன்னால் கடையிலேயே கத்தியைக் கையில் பிடித்துப் பாருங்கள், தோழிகளே. என்னுடைய பெரிய கத்தி பரண் மேல் இருக்கிறது. கொழுந்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

- ஒரு வாசகி, திருச்சுழி.