யானைக்கும் வழி விடுவோம்

ஓசூர் என்றதும் நம்மவர்க்கு யந்திரசாலைகளும் ரோஜாத் தோட்டங்களுமே நினைவுக்கு வருகின்றன. அந்நகருக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எனக் காவிரிக் கரை வரையில் நீளும் காடுகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கேழ்வரகு கதிர் பிடிக்கத் தொடங்கியதும், கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இப்பக்கம் வந்துவிடுகின்றன. ராஜ்ய எல்லை எதுவென்று அவைகளுக்கு யாரும் பூகோள பாடம் நடத்தவில்லை அல்லவா?

காட்டில் தழைக்கா பஞ்சம், வயலுக்கு ஏன் வரவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் 1980களில் செய்த ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. முற்றிய காட்டுப் புல்லைவிடப் பயிரில் புஷ்டி அதிகம். அதனை நாடி அடிக்கடி வருபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகளே. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். அது ஓரிரவு இறங்கிய வயலில் குடியானவருக்கு மிஞ்சுவது என்ன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தார் வாளாவிருந்துவிடவில்லை. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தையும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயத்தையும் பிரகடனம் செய்தார்கள். பின்னது கர்நாடகத்துக் காவிரிச் சரணாலயத்துடன் நம் காடுகளைத் தொடர்புபடுத்துகிறது. சாம்பல் நிற மலை அணில், நீர்நாய், முதலை, நாற்கொம்பு மான் முதலியனவும் இதனால் பாதுகாப்புப் பெறுகின்றன. இந்தத் தொடர்புதான் முக்கியம். நாற்புறமும் துண்டிக்கப்பட்ட காடு தீவு போன்றது. அதனுள் அகப்பட்ட பிராணிகள் தம் இனத்துக்குள்ளேயே கலந்து, வம்சம் நலிந்து, நாளடைவில் அழியும் என்பது உயிர்நூலார் கண்ட உண்மை.

ஆனால் காட்டைக் காக்கும் சட்டம் கழனியைக் காப்பதில்லை. அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில், பயிரைக் காக்கச் சட்ட விரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. அந்த வேலியை நாம் ஒருக்காலும் ஆதரிக்க மாட்டோம். எனினும், விளைச்சலை இழந்த குடும்பத்துக்கு நஷ்டஈடு முழுமையாகவும் காலத்திலும் கிடைக்காதவரை அத்தகைய வேலிகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். யானையைக் காப்பாற்ற விரும்புவோர் முதலில் குடியானவரைக் காப்பாற்ற வேண்டும்.

பட்டணவாசிகளாகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. காட்டோரத்தில் மனை மலிவு என்று கேட்டதும் முன்பணத்துடன் ஓடுகிறோம். வில்லங்கம் உண்டா என்று பத்திரத்தைப் பலமுறை புரட்டுகிறோம். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வலசைப் பாதை அந்த மனை வழியே செல்கிறதா என்றும் ஒரு வார்த்தை விசாரித்தால் என்ன? அதைவிடப் பெரிய வில்லங்கம் வேறில்லை.